காட்டுத்தீயும் மனைச்சோலையும்

மரம் மனைக்கு அணி என்பது எந்நாட்டினரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. வெயிலைத் தடுத்து நிழல் தருவதும், வெப்பக் காற்றைத் தண்ணென மாற்றுவதும், பறவைகளுக்கு இருக்கையாவதும், வேரினால் மண்ணைப் பற்றி நிறுத்துவதும் மரத்தின் தொழில்கள். ஆயினும், இங்ஙனம் நமக்குத் துணைநிற்கும் மரமே ஒருநாள் நம் வீட்டை எரிக்கும் கொள்ளியாகக் கூடும் என்ற அச்சத்தோடு வாழும் மக்களும் இவ்வுலகில் உளர். காட்டை அடுத்தும், புதர் மண்டிய குன்றுகளின் சரிவிலும் ஊர்கள் அமைந்துள்ள நாடுகளில் இவ்வச்சம் ஆண்டுதோறும் எழுகின்றது. அத்தகைய இடங்களில் வாழ்வோர் எவ்வகை மரஞ்செடிகளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும், அவற்றை எவ்வாறு நட்டுப் பேணுதல் வேண்டும், தீக்குப் பின் எஞ்சியவற்றை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பனவற்றை, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொண்டு யாம் இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். தமிழர் பலர் இன்று அம்மாகாணத்தில் மனைகொண்டு வாழ்கின்றனராதலின், இப்பொருள் நமக்கு முற்றும் அயலானதன்று.

நேர்ந்த அழிவு

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள், கலிபோர்னியாவின் வடபகுதியில் பைன் மரங்களிடையே அமைந்திருந்த பாரடைஸ் என்னும் மலையூரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. துறக்கம் எனப் பொருள்படும் பெயர்கொண்ட அவ்வூர் ஒரே பகலில் பெரும்பாலும் சாம்பலாயிற்று. அத்தீயில் 85 பேர் மாண்டனர். 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதற்கு முன்னர், 1991-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓக்லண்டு நகரத்துக் குன்றுகளில் எழுந்த தீ 25 உயிர்களையும் ஏறத்தாழ 3,000 குடியிருப்புகளையும் கொண்டு சென்றது. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் லாஸ் ஏஞ்ஜல்ஸ் வட்டாரத்தின் பாலிசேட்ஸ், ஆல்டடீனா என்னும் பகுதிகளில் மூண்ட இரு தீக்களும் சேர்ந்து 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. சுமார் 30 பேர் உயிரிழந்தனர்.

இவ்வழிவுகளுக்கு அந்நாட்டின் தட்பவெப்பமே முதற்காரணம். அங்கு மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை முழுதும் வானம் வறண்டிருக்கும். குளிர்கால மழையில் செழித்து வளர்ந்த புல்லும் புதரும் கோடையில் உலர்ந்து சருகாகின்றன. பின்னர், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும், உள்நாட்டுப் பாலைநிலத்தினின்று கடலை நோக்கி வறண்ட பெருங்காற்று வீசுகின்றது. தென்பகுதியில் இதற்குச் சான்டா ஆனா காற்று என்று பெயர். லாஸ் ஏஞ்ஜல்ஸ் நிகழ்ச்சியில் இம்மூன்றும் ஒருங்கே கூடின. முன்னைய இரு குளிர்காலங்களில் மழை மிகுந்தது, புதர் தழைத்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் மழை பெரும்பாலும் இல்லாதொழிந்தது. தழைத்த புதர் உலர்ந்தது. அதன்மேல், சிலவிடங்களில் மணிக்கு 80 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. அத்தகைய காற்றின் முன் தீயணைப்புப் படையினர் செய்யக்கூடுவது சிறிதே. ஆகவே, தீ வருமுன் மனையுடையார் செய்து வைத்த ஏற்பாடே மனையைக் காப்பதாகும்.

தீ வரும் வழி

காட்டுத்தீ என்றவுடன், வானளாவிய சுவாலை ஒன்று சுவர்போல் எழுந்து ஊரினுள் புகுந்து யாவற்றையும் விழுங்குவதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். உண்மை வேறு. வீடுகள் மூன்று வகையால் தீப்பற்றுகின்றன: சுவாலை நேரே தீண்டுதல் ஒன்று, அண்மையில் எரியும் பொருளின் வெப்பம் தாக்குதல் மற்றொன்று, காற்றில் பறந்துவரும் தீக்கங்குகள் வீழ்தல் பிறிதொன்று. இவற்றுள் மிகுதியான வீடுகளுக்கு இறுதி கொணர்வது கங்கே. எரியும் பட்டைத்துண்டு, ஓலைத்துண்டு, பலகைச் சில்லு முதலியன காற்றில் ஒரு மைலுக்கும் அப்பால் பறந்து சென்று வீழ்தல் உண்டு.

இதனை நம் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓலைக் கூரைகள் நெருங்கிய சேரியில் ஒரு குடிசை பற்றினால், அடுத்த குடிசையை விட்டு அதற்கப்பாலுள்ள குடிசை பற்றுதலைக் கண்டவர் பலர். தீ தரைவழியே நடந்து செல்லவில்லை; பொறியாகப் பறந்து சென்றது. அதனாலன்றோ தொலைவிலுள்ளார் தம் கூரைமேல் குடங்குடமாய்த் தண்ணீர் ஊற்றுகின்றனர்? கலிபோர்னியாவில் நிகழ்வதும் அதுவே. அங்குக் கூரை ஓலையாலன்று. ஆனால் கூரையின் மடிப்பிலும் மழைநீர் வடியும் தூம்பிலும் குவிந்த சருகும், சுவரையொட்டி வளர்ந்த புதரும் அவ்வோலையின் வேலையைச் செய்கின்றன.

அமெரிக்க வனத்துறையைச் சார்ந்த ஜாக் கோஹன் என்னும் ஆராய்ச்சியாளர் இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1990-களின் இறுதியில் கனடா நாட்டின் வடபகுதியில், ஊசியிலைக் காடொன்றை வேண்டுமென்றே எரியூட்டி, அதனெதிரே மரச்சுவர்களை வெவ்வேறு தொலைவில் நிறுத்திச் சோதனை நிகழ்த்தினர். காட்டின் விளிம்பினின்று 10 மீட்டரில் நின்ற சுவர்கள் சில தடவை பற்றின. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. ஆகவே, தொலைவிலுள்ள காட்டின் சுவாலை வீட்டை எரிப்பதில்லை என்பதும், வீட்டின் விதியை அவ்வீடும் அதனைச் சுற்றியுள்ள 100 அடி நிலமுமே தீர்மானிக்கின்றன என்பதும் தெளிவாயின. காட்டை முழுதும் அழித்தாலன்றி ஊர் பிழையாது என்ற கருத்து இதனால் தளர்ந்தது. தீ மூளும்பொழுது வீட்டுக்காரன் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்திய முந்நூறு நாட்களிலும் அந்த 100 அடி நிலம் அவன் கையிலேயே இருந்தது.

மூன்று வட்டங்கள்

இவ்வுண்மையைத் தழுவியே கலிபோர்னியா அரசினர் தம் சட்டத்தை அமைத்தனர். 2005-ஆம் ஆண்டு முதல், தீயபாயம் மிகுந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை நிலத்தைத் திருத்தி வைத்தல் கடமையாயிற்று. அந்நிலத்தை மூன்று வட்டங்களாகப் பகுத்துக் கூறுவர்.

சுவரினின்று 5 அடி வரையிலுள்ளது முதல் வட்டம். இவ்வட்டத்தில் எரியக்கூடிய யாதொன்றும் இருத்தலாகாது என்பது தீயணைப்பு வல்லுநர் கொள்கை. சரளைக்கல், செங்கல், சிமெண்டுத் தளம் முதலியவற்றால் தரையை மூடலாம். மரத்தூள் மூடாக்கும், சாளரத்தின் கீழ்ப் புதரும், சுவரில் படரும் கொடியும், சுவரில் முட்டும் மரவேலியும் இங்கே பகைகள். கங்கொன்று சுவரடியில் வீழ்ந்தால் அது பற்றுதற்கு இரை கிடையாதிருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

5 அடி முதல் 30 அடி வரை இரண்டாம் வட்டம். இங்கு மரமும் செடியும் இருக்கலாம். ஆனால் அவை தூய்மையாகவும், ஈரப்பசையுடனும், ஒன்றையொன்று தீண்டாமலும் நிற்றல் வேண்டும். பட்ட கிளையும் உதிர்ந்த சருகும் அவ்வப்போது அகற்றப்படல் வேண்டும். புகைபோக்கியினின்று 10 அடிக்குள் கிளை நீளலாகாது. 30 அடி முதல் 100 அடி வரை மூன்றாம் வட்டம். இங்கு இயற்கைப் புதர் ஓரளவு நிற்கலாம். ஆயினும் ஆண்டுப் புல் 4 அங்குலத்திற்கு மேல் வளரவிடலாகாது. தரையிற் கிடக்கும் சருகின் கனம் 3 அங்குலத்திற்கு மேற்படலாகாது.

இடைவெளியின் கணக்கு

தாய்மார் அடுப்பு மூட்டும் முறையை நோக்கினால் தீயின் இலக்கணம் முழுதும் விளங்கும். முதலில் சருகு, அதன்மேல் சுள்ளி, அதன்மேல் விறகு. சருகின்றிச் சுள்ளி பற்றாது. சுள்ளியின்றி விறகு பற்றாது. தோட்டத்திலும் அவ்வாறே. தரையிலுள்ள புல் பற்றிப் புதருக்கு ஏறுகின்றது. புதரினின்று தாழ்ந்த கிளைக்கு ஏறுகின்றது. கிளையினின்று மரத்தின் தலைக்கு ஏறுகின்றது. இவ்வடுக்கை ஏணி என்றே அந்நாட்டு வல்லுநர் அழைக்கின்றனர். ஏணியின் படிகளை அகற்றிவிட்டால் தீ தரையிலேயே தங்கிவிடும்.

ஆதலின், மரத்தின் கீழ்க்கிளைகளைத் தரையினின்று குறைந்தது 6 அடி உயரம்வரை கழித்துவிடல் வேண்டும் என்பது விதி. மரத்தின்கீழ்ப் புதர் இருக்குமாயின், புதரின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி புதரின் தலைக்கும் மரத்தின் தாழ்ந்த கிளைக்கும் நடுவே இருத்தல் வேண்டும். 5 அடிப் புதருக்கு மேல் 15 அடி வெறுவெளி என்பது கணக்கு. அவ்வளவு இடமில்லாவிடில், புதரைக் குட்டையாக்குக, அல்லது அகற்றுக.

பக்கவாட்டிலும் இடைவெளி வேண்டும். சமநிலத்தில் ஒரு மரத்தின் கிளை நுனிக்கும் அடுத்த மரத்தின் கிளை நுனிக்கும் 10 அடி; புதர்களுக்கிடையே அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு. நிலம் சரிவானால் இவ்வளவு மிகும். மிகச் செங்குத்தான சரிவில் மரங்களுக்கிடையே 30 அடியும், புதர்களுக்கிடையே உயரத்தைப்போல் ஆறு மடங்கும் வேண்டப்படும். காரணம் யாதெனின், தீயின் வெப்பம் மேனோக்கிச் செல்வது. சரிவில் எரியும் தீ தனக்கு மேலுள்ள செடியை முன்னரே வாட்டி உலர்த்திவிடுகின்றது. ஆதலின், குன்றின் அடிவாரத்தில் மூண்ட தீ உச்சியிலுள்ள வீட்டை எதிர்பாராத விரைவில் அடைகின்றது.

தேர்ந்தெடுத்தல்

இனி, எம்மரத்தை நடுவது என்னும் வினாவிற்கு வருவோம். முதற்கண் ஒன்றை மனத்தில் இருத்தல் வேண்டும்: எரியாத மரம் என்று ஒன்றும் இல்லை. ஈரம் வற்றிய எதுவும் எரியும். ஒரு செடி எளிதில் பற்றுவதும் பற்றாததும் அதன் குலத்தைக் காட்டிலும் அதன் ஈரத்தையும் தூய்மையையும் பொறுத்துள்ளன. ஆயினும் இயல்பால் தீக்கு இடங்கொடுப்பனவும் கொடாதனவும் உண்டு. அவற்றை அறிதற்கு அடையாளங்கள் உள.

ஊசி போன்ற அல்லது மிக நுண்ணிய இலையுடையன, இலையைக் கசக்கினால் கடுமணம் வீசுவன, பிசினும் எண்ணெயும் மிகுந்தன, பட்டை தாளைப்போல் உரிந்து தொங்குவன, உள்ளே உலர்ந்த சுள்ளியைச் சுமந்து நிற்பன ஆகியவை எளிதில் எரிவன. ஜூனிப்பர் என்னும் குறும்புதர் இவ்வினத்தைச் சார்ந்தது. இத்தாலிய சைப்ரஸ் மரம் பிறிதொன்று. நம் நாட்டு நெட்டிலிங்கம்போல் கம்பமாய் ஓங்கி நிற்கும் அதனை அழகு கருதி வீட்டுவாயிலின் இருபுறமும் நடுவர். வெளியே பசுமையாயினும் அதன் உட்பகுதியில் உலர்ந்த இலை ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். பொறி ஒன்று அடியிற் பட்டால் கார்த்திகைச் சொக்கப்பனைபோல் நுனிவரை ஒருமிக்க எரிந்துவிடும். அந்நாட்டில் தெருவோரத்தில் வளர்க்கப்படும் விசிறிப்பனையும் இத்தகையதே. பனையேறுவார் கழித்துவிடும் காவோலையை அங்குக் கழிப்பாரின்றேல், அது பாவாடைபோல் மரத்தைச் சூழ்ந்து தொங்கும். பற்றிய ஓலை காற்றில் பறந்து பல வீடுகளின்மேல் வீழும்.

தைலமரம் என்றும் யூக்கலிப்டஸ் என்றும் நாம் அழைக்கும் மரத்தை ஈண்டுத் தனியே குறிப்பிடல் தகும். டாஸ்மேனியாவிற்கும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிற்கும் உரிய இம்மரம் 19-ஆம் நூற்றாண்டில் நம் நீலகிரிக்கும் வந்தது; கலிபோர்னியாவிற்கும் சென்றது. உதகையில் சளிக்கு மருந்தாகக் காய்ச்சப்படும் அதே எண்ணெய், தீயின் வாயில் இலையை விரைந்து எரியச் செய்கின்றது. நீண்ட நாடாவாக உரியும் அதன் பட்டை எரிந்துகொண்டே பறக்கின்றது. 1991-ஆம் ஆண்டு ஓக்லண்டில் தைலமரத் தோப்புகளும் பைன் தோப்புகளும் இவ்வாறு பொறி கக்கின. மரத்தின்மேல் குற்றமில்லை, தன் நாட்டில் தீயோடு பழகிய மரம் அது. குடியிருப்பின் நடுவே அதனை அடர்த்தியாக நட்ட மாந்தர்மேலேயே குற்றம்.

இதற்கு மாறாக, அகன்ற மெல்லிலையும், நீர்போன்ற சாறும், திறந்த கிளையமைப்பும், உலர்ந்த பகுதி தங்காத இயல்பும் உடையன மெதுவாகப் பற்றுவன. நீர் பாய்ச்சிப் பேணப்படும் எலுமிச்சை, நாரத்தை முதலிய பழமரங்களும், இலையுதிர்க்கும் பல மரங்களும் இவ்வகையின. அந்நாட்டிற்கே உரிய கடற்கரை ஓக் மரம் தடித்த பட்டையும் பரந்த நிழலும் உடையது. தீயில் இலை கருகினும் மீளத் தளிர்க்கும் ஆற்றலுடையது. சிவந்த கனிகொத்தும் டோயன், வசந்தத்தில் பூப்பூக்கும் ரெட்பட் முதலிய சிறுமரங்களையும் கவாத்து செய்து பேணினால் வீட்டருகே தக்க தொலைவில் வளர்க்கலாம். கற்றாழை இனங்கள் நீரைச் சேமித்து நிற்பன. ஆயினும் அடியில் உலர்ந்த மடல்களை விட்டுவைத்தால் அவையும் எரியும். புல்லினத்துள் பம்பாஸ் புல், நீரூற்றுப்புல் எனப்படும் அழகுப்புற்களை நடாதிருத்தல் நலம். அவை தாமே பரவி, ஆண்டுதோறும் உலர்ந்து, தீக்கு வழிகோலுவன.

பேணுதல்

நல்ல மரத்தை நட்டுவிட்டு மறந்திருப்பவனைக் காட்டிலும், நடுத்தரமான மரத்தை நாள்தோறும் நோக்குபவன் தீயினின்று சேமமாக இருப்பான். வாடிய எலுமிச்சை உலர்ந்த சைப்ரஸைப்போல் எரியும். ஆகவே நீர் பாய்ச்சுதலும், கவாத்து செய்தலும், சருகு கூட்டுதலும் இடையறாத கடமைகளாம். நீரை அடிக்கடி சிறிது சிறிதாகத் தெளித்தலைவிட, நாட்பட விட்டு ஆழமாக ஊறும்படி பாய்ச்சுதல் மரத்திற்கு நன்று. ஓக் மரத்திற்கோ கோடையில் அடிமரத்தையொட்டி நீர் தேக்கலாகாது. வேரழுகல் நோய் வரும். கிளைகளின் விளிம்பிற்கு நேர்கீழே, அடியினின்று விலகிப் பாய்ச்சுதல் வேண்டும்.

மூடாக்கிலும் கருத்து வேண்டும். வேரின்மேல் இடும் மூடாக்கு ஈரத்தைக் காப்பது, ஆனால் எரியக்கூடியது. நெவாடா மாகாணத்துப் பல்கலைக்கழகத்தார் பலவகை மூடாக்குகளை எரித்துச் சோதித்தனர். துண்டாக்கிய ரப்பர் மிக உயர்ந்த சுவாலையுடன் எரிந்தது. மட்கச்செய்த மரச்சில்லு எல்லாவற்றினும் அபாயம் குறைந்து காணப்பட்டது. அதுவும் சுவரினின்று 5 அடிக்குள் வேண்டா என்பதே அறிவுடையார் கூற்று.

மரத்தின் வழக்கு

இதுகாறும் கூறியவற்றைக் கேட்ட ஒருவர், "இத்துணைத் தொல்லை எதற்கு? மரம் யாவற்றையும் வெட்டிவிட்டு நிலத்தை வெறுந்தரையாக்கினால் தீயேது?" என்று வினவக்கூடும். இவ்வினா கலிபோர்னியாவில் உண்மையாகவே எழுந்து பெரும் பூசலாயிற்று. 5 அடி வட்டத்தைச் சட்டமாக்க 2020-ஆம் ஆண்டிலேயே சட்டமன்றம் தீர்மானித்தது. அதன் நுண்விதிகளை வகுக்கும்பொழுது மரநேயர் ஒருபுறமும் தீயணைப்பாளர் மறுபுறமும் நின்று வழக்காடினர். நெருங்கிய மனைகளில் 5 அடியென்பது தோட்டத்தின் பெரும்பங்கு. அதனை வெறுமையாக்கினால் நிழலும் பறவையும் எங்கே போகும் என்பது முன்னவர் கேள்வி. ஒருவர் வீட்டின் சுவரடிப் புதர் பற்றினால் அண்டை வீட்டாரின் உயிருக்கும் உலையன்றோ என்பது பின்னவர் கேள்வி.

இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. பாரடைஸ் ஊரில் தீக்குப்பின் நின்று நோக்கினோர் ஒரு புதுமையைக் கண்டனர்: வீடுகள் சாம்பலாய்க் கிடக்க, அவற்றினிடையே பைன் மரங்கள் பல பச்சைத் தலையுடன் நின்றன. மரம் வீட்டை எரித்ததாயின் மரம் எங்ஙனம் பிழைத்தது? அவ்விடங்களில் வீடே வீட்டை எரித்தது, மரத்தையும் கருக்கியது. எரிந்த வீட்டிற்கு எவ்வளவு அண்மையில் மற்றொரு வீடு இருந்தது என்பதே அதன் பிழைப்பைப் பெரிதும் தீர்மானித்ததென்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். புதிய விதிகளின்படி அண்மைக் காலத்தில் கட்டப்பட்டவை பழைய வீடுகளினும் மிகுதியாகப் பிழைத்தன. ஆகவே கூரையையும் காற்றுத்துளைகளையும் திருத்தாமல் மரத்தைமட்டும் தண்டித்தல் நீதியாகாது.

வெறுந்தரையும் இடர்தருவதே. மரநிழல் நீங்கிய நிலத்தில் ஆண்டுப்புல் முளைக்கும். அது முதலில் உலர்ந்து முதலில் எரியும். சரிவில் வேரில்லையேல் மண் நில்லாது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுந்த தாமஸ் தீ மான்டெசிட்டோ என்னும் ஊரின்மேலுள்ள மலைச்சரிவுகளை மொட்டையாக்கியது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் பெய்த மழையில் அம்மலையின் மண்ணும் பாறையும் சேற்றுவெள்ளமாய் இறங்கி 20-க்கு மேற்பட்டோரை மாய்த்தன. செடியற்ற மலை எத்தகைய அயலான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எனவே, சுவரையொட்டிய சிறுவட்டத்தில் கண்டிப்பும், அதற்கப்பால் அளவறிந்த பேணுதலும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பதே எம் துணிபு. முதிர்ந்த நன்மரம் ஒன்று வீட்டருகே நிற்குமாயின், அதன் கிளையைக் கூரைக்கு மேல் உயர்த்திக் கழித்து, அடியைத் தூய்மையாக்கி, அதனைக் காத்தலே முறை. 5 அடிக்குள்ளிருக்கும் புதரை இடம் மாற்றுதல் எளிது. அறுபதாண்டு வளர்ந்த ஓக்கை மீண்டும் பெறுதல் ஒரு தலைமுறையில் இயலாது.

தீக்குப் பின்

தீ தணிந்தபின் மனையுடையார் செய்யும் முதற்பிழை, கரிந்த மரத்தையெல்லாம் உடனே வெட்டிவிடுதல். கரியநிறம் சாவின் அடையாளமன்று. பட்டையைச் சிறிதே கீறி நோக்குக. அதன்கீழுள்ள படலம் ஈரமாகவும் வெளிறியோ பசுமையாகவோ இருப்பின் மரம் உயிரோடிருக்கின்றது. பழுப்பாக உலர்ந்திருப்பின் அப்பகுதி பட்டது. வீட்டின்மேலோ வழியின்மேலோ விழக்கூடிய மரத்தை அகற்றுதல் இன்றியமையாதது. அத்தகைய இடரில்லாத ஓக் மரங்களை ஒரு வளர்பருவமேனும் பொறுத்திருந்து நோக்குதல் தகும். அடிமரத்தினின்றும் கிளையினின்றும் அவை தளிர்க்கும். பைன் முதலிய ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் அங்ஙனம் தளிர்ப்பதில்லை. தலைமுழுதும் கருகியிருப்பின் நம்பிக்கை சிறிது. ஆனால் கடற்கரைச் செம்மரம் இதற்கு விலக்கு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிக் பேசின் என்னும் பழம்பெருங் காட்டுப்பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது. கரித்தூண்களாய் நின்ற அம்முதுமரங்கள் சின்னாளில் உடல்முழுதும் பசுந்தளிர் போர்த்து நின்றன.

இறுதியாக, நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு மரத்தின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தும். பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மௌயியில் லஹைனா என்னும் ஊர் உண்டு. அங்குக் கிறிஸ்தவ ஊழியர் முதன்முதல் வந்த ஐம்பதாம் ஆண்டின் நினைவாக, 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஓர் ஆலங்கன்று நடப்பட்டது. இந்தியாவினின்று கொணரப்பட்ட அக்கன்று அன்று 8 அடி உயரமே. அது விழுதூன்றிப் பரந்து, ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தை நிழலால் மூடும் பெருமரமாயிற்று. ஊரார் கூடுமிடம் அதுவேயாயிற்று.

அவ்வூரைச் சூழ்ந்து ஒருகாலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1999-ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டபின் அந்நிலங்கள் தரிசாயின. நம் உழவர் மாட்டுத்தீவனமாக அறிந்த கினியாப்புல்லும் பிற அயற்புற்களும் அங்கு ஆள்மட்டம் வளர்ந்து உலர்ந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் பெருங்காற்றில் தீ மூண்டு ஊரை அழித்தது. 102 பேர் மாண்டனர். ஆலமரமும் கருகி நின்றது. மரநூல் வல்லார் சென்று பட்டையைக் கீறி நோக்கினர், உயிர் இருந்தது. இறுகிய மண்ணைத் தளர்த்தி, வண்டி வண்டியாய்த் தண்ணீர் ஊற்றி, மட்குரம் இட்டனர். அடுத்த மாதமே கரிந்த கிளைகளில் தளிர் அரும்பியது. பட்ட பகுதிகளைப் பின்னர் வெட்டி நீக்கினர். எஞ்சிய பகுதி தழைக்கலாயிற்று. வீடிழந்த மக்கள் அத்தளிரைக் கண்டு ஆறுதலுற்றனர்.

இவ்வொரு நிகழ்ச்சியில் எம் கட்டுரையின் பொருள் முழுதும் அடங்கியுள்ளது. ஊரை எரித்தது உழாது விடப்பட்ட புல். ஊருக்கு நம்பிக்கை தந்தது நூற்றைம்பது ஆண்டு பேணப்பட்ட மரம். இரண்டும் தாவரமே. தாவரத்தைப் பகையாக்குவதும் நட்பாக்குவதும் மாந்தரின் கவனக்குறைவும் கவனமுமாம். மனைகொண்டு எந்நாட்டில் வாழ்ந்தாலும், நடும்பொழுதே அம்மரம் முப்பதாண்டில் எவ்வளவு உயரும், எத்துணை அகலும், அதன் சருகு எங்கே வீழும் என்று எண்ணி நடுதலும், நட்டபின் ஆண்டுதோறும் கோடைக்கு முன்னரே கிளை கழித்துச் சருகு நீக்குதலும் நம் கடமைகளாகும். கற்றோர் இதனைத் தம் அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்பாராக. ஏனெனின், தீக்கு வேலியின் எல்லை தெரியாது.